வேளாண் கழிவிலிருந்து எரிபொருள் எடுக்க முடியும் என்றால், வைக்கோலை ஏன் இன்னும் வயலிலேயே கொளுத்துகிறார்கள்?

முடியும் என்பதில் ஐயமே இல்லை. ஆனால் வைக்கோல் வயலெங்கும் சிதறிக் கிடக்கிறது. முதல் தடை அதுதான். சர்க்கரை ஆலையில் கொதிகலன் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இது முதலில் கண்ணில் படுகிறது.

ஒரு டன் கரும்பை அரைத்தால் சுமார் 300 கிலோ சக்கை மிஞ்சும். அதில் பாதி ஈரம். அதைத் தேடி யாரும் போக வேண்டியதில்லை, சாற்றுக்காக வரும் கரும்போடு அதுவும் ஆலைக்கு வந்துவிடுகிறது. எரித்தால் ஆலைக்கு வேண்டிய நீராவியும் மின்சாரமும் கிடைக்கும். கரூர் மாவட்டம் புகளூர் காகித ஆலை 1980களிலிருந்து சக்கையைக் காகிதமாக்கி வருகிறது. சர்க்கரை ஆலைக்காரர்கள் சக்கையைச் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். சக்கை போனால் கொதிகலனுக்கு நிலக்கரியோ வேறு எதுவோ வந்தாக வேண்டும்.

இன்னும் பழைய கதை அமெரிக்காவில் உண்டு. அயோவா மாநிலம் சீடார் ராபிட்ஸ் நகரில் குவாக்கர் ஓட்ஸ் ஆலையில் ஓட்ஸ் உமி மலையாகக் குவிந்தது. அதை மாட்டுத் தீவனமாக்க முயன்றவர்கள், 1922 வாக்கில், சும்மா கிடந்த அழுத்தக் கலன்களில் உமியையும் அமிலத்தையும் போட்டு நீராவி பாய்ச்சி ஃபர்ஃபியூரால் என்னும் வேதிப்பொருளை எடுத்தார்கள். உமியிலுள்ள சைலோஸ் என்னும் சர்க்கரையின் ஒரு மூலக்கூறு மூன்று நீர் மூலக்கூறுகளை இழந்தால் ஃபர்ஃபியூரால். மசகு எண்ணெயைச் சுத்திகரிக்கவும், பிற்பாடு நைலான் செய்யவும் அது பயன்பட்டது. வார்ப்பட ஆலைகளில் மணல் அச்சை இறுக்கும் பிசினுக்கு இன்றும் அதுதான் மூலம். எரிபொருளைவிட இப்படிப்பட்ட வேதிப்பொருளுக்குத்தான் நல்ல விலை என்பது என் கட்சி.

அதே சைலோஸ், வேளாண் கழிவிலிருந்து எத்தனால் என்னும் எரிபொருள் எடுப்பவர்களுக்குத் தலைவலி. சர்க்கரையைச் சாராயமாக்கும் சாதாரண ஈஸ்ட் அதைத் தொடாது. மரபணு மாற்றிய ஈஸ்ட் வேண்டும். அதற்கு முன்னால், செடியை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்னும் பொருளின் பிடியிலிருந்து, சர்க்கரைகள் கோத்த நாரான செல்லுலோஸை விடுவிக்க வேண்டும். செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைக்க நொதிகளை விலை கொடுத்து வாங்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் விடை இருக்கிறது, செலவோடு.

டூபாண்ட் நிறுவனம் அயோவாவில் 2015இல் திறந்த ஆலை, மக்காச்சோளத் தட்டையிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 11 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பதாகத் திட்டம். இரண்டே ஆண்டில் டூபாண்ட் கைகழுவியது. வாங்கிய ஜெர்மன் நிறுவனம் எத்தனாலை விட்டு, அங்கே மீத்தேன் தயாரிக்கப் போனது. கான்சாஸில் இதுபோன்ற ஆலை கட்டிய ஸ்பெயின் நிறுவனமும் கடனில் மூழ்கியது.

நம் நாட்டில் பானிபட்டில் இந்தியன் ஆயில் ரூ.900 கோடிக்கு மேல் செலவிட்டுக் கட்டிய ஆலை 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது இலக்கு. நெல் அறுத்ததும் கோதுமை விதைக்க விவசாயிக்குச் சில வாரங்களே இருக்கின்றன. அதற்குள் கட்டு கட்டி, மண் ஒட்டாமல் ஏற்றி, மழையும் தீயும் படாமல் ஆண்டு முழுவதற்கும் சேமிக்க வேண்டும். அவருக்குத் தீக்குச்சி மலிவு. குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதில் தொழில் தொடங்கும் எண்ணம் இருந்தால், வயலை விட்டுவிட்டு அரிசி ஆலை, சர்க்கரை ஆலை, மரஅறுவை ஆலை என்று போய்ப் பாருங்கள். கழிவை இப்போது யார் என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்றும் விசாரியுங்கள். நெல் உமிக்குக் கொதிகலன்காரர்கள் ஏற்கெனவே பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.