கனடா திரும்பும் குடும்பம் பெங்களூரு வருமானத்தைக் காட்ட வேண்டுமா?

கேள்வி: நானும் கணவரும் கனடா குடியுரிமை பெற்றவர்கள். எட்டு ஆண்டுகளாகப் பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். 2025 ஆகஸ்டில் நானும் இரண்டு பிள்ளைகளும் (வயது 9, 4) டொராண்டோ திரும்புகிறோம். கணவர் இங்கே வேலையை முடித்துக்கொண்டு அடுத்த மார்ச்சில்தான் வருவார். அங்கே குழந்தை நலத்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது இங்கே சம்பாதித்ததைச் சொல்ல வேண்டுமா? சொன்னால் அதற்கும் வரி கேட்பார்களா? கனடாவில் வருமானம் இல்லாததால் பூஜ்ஜியம் என்று எழுதினால் போதும் என்கிறார் ஓர் உறவினர்.

பதில்: சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அதற்காகக் கனடாவில் வரி கட்ட வேண்டியதில்லை. உங்கள் தயக்கம் முழுவதும் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருகிறது. நீங்கள் மீண்டும் அங்கே குடியேறும் நாளிலிருந்துதான் கனடா உங்கள் உலகளாவிய வருமானத்துக்கு வரி விதிக்கும். அதற்கு முன்பு பெங்களூரில் ஈட்டியதை அவர்கள் கேட்பது, மாதந்தோறும் எவ்வளவு நலத்தொகை தரலாம் என்று கணக்கிடுவதற்கு மட்டுமே. அந்த நலத்தொகைக்கும் வரி கிடையாது.

விண்ணப்பப் படிவம் ஆர்சி66. வெளிநாட்டிலிருந்து புதிதாக வருபவர்களும், உங்களைப் போலத் திரும்பி வருபவர்களும் அதனுடன் ஆர்சி66எஸ்சிஎச் என்ற இணைப்பையும் நிரப்ப வேண்டும். வருமானத்தைக் கேட்பது இந்த இணைப்புதான். உங்கள் விஷயத்தில் 2023 முழுவதும், 2024 முழுவதும், 2025 ஜனவரி 1 முதல் நீங்கள் போய்ச் சேரும் நாள் வரையிலும் என மூன்று காலங்களுக்கு, உங்களுடையதும் கணவருடையதும் தனித்தனியே, கனடா டாலரில் எழுத வேண்டும். உண்மையிலேயே வருமானம் இல்லாத காலத்துக்குப் பூஜ்ஜியம் என்று எழுதுங்கள். கட்டத்தை வெறுமையாக விட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், பணம் தள்ளிப்போகும். உறவினர் சொன்னதில் உள்ள தவறு, வருமானம் எங்கே கிடைத்தது என்பதைப் பார்த்ததுதான். படிவம் கேட்பது எங்கிருந்து வந்தாலும் எல்லா வருமானத்தையும்.

அப்படிப் பூஜ்ஜியம் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையிலான நலத்தொகைக்கு 2024 ஆம் ஆண்டின் குடும்ப நிகர வருமானமே அடிப்படை. இந்தப் பருவத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 7,997 டாலர், ஆறு முதல் பதினேழு வயது வரை 6,748 டாலர். உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து 14,745. குடும்ப வருமானம் 37,487 டாலரைத் தாண்டினால், இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு, தாண்டிய தொகையில் 13.5 சதவீதம் குறைக்கப்படும். 81,222 டாலருக்கு மேல் விகிதம் வேறு. உதாரணமாகக் கணவரின் வருமானம் 31 லட்சம் ரூபாய், உங்களுடையது 6.2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். டாலருக்கு 62 ரூபாய் என்று எளிதாகக் கணக்கிட்டால் மொத்தம் 60,000 டாலர். வரம்புக்கு மேலுள்ள 22,513 டாலரில் 13.5 சதவீதம் ஏறத்தாழ 3,039. ஆகவே உங்களுக்கு உரியது ஆண்டுக்குச் சுமார் 11,706, மாதத்துக்கு 975 டாலர். பூஜ்ஜியம் போட்டால் மாதம் 1,228 டாலர் வரும். செப்டம்பர் முதல் ஜூன் வரை பத்து மாதங்களில் 2,500 டாலருக்கு மேல் கூடுதலாக வாங்கியிருப்பீர்கள். பின்னால் தெரியவந்தால் அது அப்படியே கடனாக நிற்கும். வரவேண்டிய நலத்தொகையிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். உண்மையைச் சொன்னாலும் மாதம் 975 டாலர் வருகிறது என்பதையும் கவனியுங்கள். பயந்து மறைக்கும் அளவுக்கு இதில் இழப்பு ஒன்றும் இல்லை.

இனி எண்களை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் உண்மையான வேலை. பெரும்பாலானோர் ஃபார்ம் 16-இல் உள்ள தொகையை அப்படியே எழுதிவிடுகிறார்கள். அது ஏப்ரல் முதல் மார்ச் வரைக்குமானது. கனடா கேட்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை. எனவே 2024 ஆம் ஆண்டுக்கு, 2023-24 நிதியாண்டின் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளையும் 2024-25 நிதியாண்டின் முதல் ஒன்பது மாதச் சம்பளச் சீட்டுகளையும் எடுத்துக் கூட்ட வேண்டும். போனஸ் மார்ச்சில் வந்ததா, ஏப்ரலில் வந்ததா என்பது இந்தக் கூட்டலில் முக்கியமில்லை. டிசம்பரா, ஜனவரியா என்பதே முக்கியம். வேலையை விட்டபின் சம்பளத் தளத்துக்குள் நுழைய முடியாமல் போகும் என்பதால், கணவர் மூன்று ஆண்டுகளின் சீட்டுகளையும் இப்போதே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

வருமான வரி ரிட்டர்னில் கடைசியாக வரும் வரிக்குரிய வருமானத்தையும் எழுதக் கூடாது. 80சி முதலீடு, வீட்டு வாடகைப்படிக்கான விலக்கு, சம்பளத்தில் தரப்படும் நிலையான கழிவு ஆகியவை இந்தியச் சட்டம் தரும் சலுகைகள். கனடாவின் கணக்கு அவற்றைக் கண்டுகொள்ளாது. பிபிஎஃப் வட்டிக்கு இங்கே வரி இல்லை என்பதற்காக அதை விட்டுவிடவும் வேண்டாம். வாடகைக்கு விட்ட ஃபிளாட் இருந்தால், நம் ரிட்டர்னில் கழிக்கும் 30 சதவீதத்துக்கு அங்கே இடமில்லை; பராமரிப்பு, சொத்து வரி, கடன் வட்டி என்று உண்மையில் செலவானதைக் கழித்துக் கணக்கிட வேண்டும். வங்கி வட்டிகளைச் சரிபார்க்க வருமான வரித் தளத்திலுள்ள ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கை உதவும், ஆனால் அதுவும் நிதியாண்டுக் கணக்கே. ரூபாயை மாற்றப் பேங்க் ஆஃப் கனடா வெளியிடும் ஆண்டுச் சராசரி மாற்று விகிதத்தைப் பயன்படுத்தி, அந்த விகிதத்தைக் கணக்குத்தாளில் குறித்து வையுங்கள்.

அடுத்தது கணவர். தனியே வசிக்கிறோமே என்று "பிரிந்து வாழ்கிறோம்" என்ற கட்டத்தில் குறியிடும்படி சிலர் யோசனை சொல்வதுண்டு. அது பொய்த் தகவல். உறவு முறிந்து 90 நாட்கள் தனித்து வாழ்ந்தால்தான் அங்கே பிரிவு என்று கொள்வார்கள். வேலைக்காக ஒருவர் பெங்களூரில் தங்குவது பிரிவு ஆகாது. ஆகவே நீங்கள் திருமணமானவர் என்றே எழுதி, அவருடைய வருமானத்தையும் சேர்க்க வேண்டும். அவர் கனடாவில் வசிக்காதவர் என்று கருதப்படும் ஆண்டுகளுக்கு, அவருடைய நிகர உலகளாவிய வருமானத்தைத் தெரிவிக்கச் சிடிபி9 என்ற தனிப் படிவம் இருக்கிறது.

ஆனால் அவர் வசிக்காதவர்தானா என்பதே விவாதத்துக்குரியது. மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள், வீடு ஆகியவற்றைக் கனடா வருவாய் முகமை முதன்மையான பிணைப்புகளாகக் கருதுகிறது; நீங்களும் பிள்ளைகளும் டொராண்டோவில் குடியேறிய நாளிலிருந்தே அவரையும் அங்கே வசிப்பவராக அது எடுத்துக்கொள்ள இடமுண்டு. அப்படியானால் ஆகஸ்டுக்குப் பிந்தைய அவரது பெங்களூரு சம்பளம் சிடிபி9-இல் அல்ல, கனடா வரி ரிட்டர்னிலேயே வரும். இங்கே கட்டிய வரிக்கு அங்கே கழிவு கேட்கலாம். இந்தியா-கனடா வரி ஒப்பந்தத்தின்படி அவர் இந்தியாவில் வசிப்பவர் என்று வாதிடவும் வழி உண்டு. ஊகித்து எழுதுவதைவிட என்ஆர்74 படிவத்தை அனுப்பி அவர்களுடைய கருத்தையே கேட்டுப் பெறுவது என் பரிந்துரை.

விண்ணப்பத்தை நீங்கள் போடுங்கள். தாய் உடன் வசிக்கும் வீட்டில் அவரே பிள்ளைகளை முதன்மையாகப் பராமரிப்பவர் என்று கொள்வது அங்கே வழக்கம். பெங்களூரில் பிறந்த இளைய பிள்ளைக்கு மாநகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழின் நகலை இணைக்க வேண்டும். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் குழந்தை நலத்தொகைக்குத் தனி விண்ணப்பம் தேவையில்லை. போய்ச் சேர்ந்தவுடனேயே அனுப்பிவிடுங்கள். பதினொரு மாதங்களுக்கு மேல் பின்னோக்கிக் கேட்டால் கூடுதல் சான்றுகளைக் கேட்பார்கள். வீட்டு வாடகை ஒப்பந்தம், பள்ளிச் சேர்க்கைக் கடிதம், விமானச் சீட்டு ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள், குடியேறிய நாளுக்கு அவையே சான்று.

2026 ஜூலையில் தொகை மீண்டும் கணக்கிடப்படும். அப்போது அடிப்படை 2025 வருமானம். அதற்காக 2026 ஏப்ரல் 30-க்குள் நீங்கள் கனடா ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும், வருமானம் எதுவும் இல்லாவிட்டாலும். கணவர் வசிப்பவர் என்று முடிவானால் அவரும் தாக்கல் செய்ய வேண்டும். இல்லையென்றால் அவருக்காக 2025 ஆம் ஆண்டுக்கான சிடிபி9 போக வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் ஜூலையில் பணம் நின்றுவிடும்.