நாற்று நூலாக நீள்கிறதே!

கேள்வி: ஜனவரியில் வீட்டுக்குள் ஜன்னலோரம் தக்காளி, மிளகாய் விதைத்தேன். தக்காளி நூல்போல் நீண்டு, அடித்தண்டு கறுத்துச் சாய்கிறது. மிளகாய் முளைக்கவே இல்லை. ஏன்?
- வாசகி, மயூர் விஹார், டெல்லி

பதில்: நீள்வது வெளிச்சப் பஞ்சம். பனிமூட்ட மாதத்தில் டெல்லி ஜன்னல் வெளிச்சத்தை நம்ப முடியாது. 20 வாட் வெள்ளை எல்.இ.டி. டியூப்லைட்டை நாற்றின் தலைக்கு மேல் 5-8 செ.மீ. உயரத்தில் கட்டி, தினம் 14-16 மணி நேரம் எரியவிடுங்கள். செடி வளர வளர விளக்கையும் உயர்த்துங்கள்.

அடித்தண்டு கறுப்பது நாற்றழுகல். ஈர மண்ணில் பூஞ்சை செய்யும் வேலை. சாய்ந்தது பிழைக்காது, பிடுங்கி எறியுங்கள். தோட்டத்து மண் வேண்டாம். ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூள் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு போதும். மேலே தெளிக்காமல், அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். அரை மணியில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

மிளகாய்க்கு 25-30 டிகிரி சூடு வேண்டும். குளிர்ந்த அறையில் விதை தூங்கும், சில சமயம் அழுகியும் போகும். பகலில் மட்டுமல்ல, இரவிலும் வெதுவெதுப்பான இடம் பாருங்கள். அரை செ.மீ. ஆழத்தில் விதைத்து மூடி வைத்தால் 8-15 நாளில் தலைகாட்டும். முளைத்ததும் மூடியை எடுத்துவிடுங்கள்.

பிப்ரவரி பிற்பாதியில், முதல் நாள் ஒரு மணி நேரம் எனத் தொடங்கி ஒரு வாரம் வெயிலுக்குப் பழக்கி நடுங்கள். வெண்டைக்கு இந்தப் பாடெல்லாம் எதற்கு? குளிர் போனதும் நேராகத் தொட்டியிலேயே ஊன்றலாம்.