புதர் எரிந்து அணைந்துவிட்டது. அடுத்த மூன்று வாரம் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: சென்னை மணலி புதுநகர் பக்கம், ஏரியை ஒட்டிய தெருவில் குடியிருக்கிறோம். போன வாரம் ஏரிக்குள் சம்பும் (ஆளுயரக் கோரை) வேலிக்காத்தானும் (சீமைக் கருவேலம்) பற்றிக்கொண்டு இரண்டு நாள் எரிந்தன. அணைந்த பிறகு எங்கள் தெருவில் மட்டும் மூன்று பாம்புகள் வந்துவிட்டன. நேற்று பையன்கள் கால் வெந்த உடும்பு ஒன்றை பக்கெட்டில் போட்டுக் கொண்டுவந்தார்கள். மஞ்சள் பூசி வைத்திருக்கிறோம். மீதி இருக்கும் புதரையும் ஜேசிபி விட்டு வழித்துக் கொளுத்திவிட்டால் தொல்லை தீரும் என்கிறார்கள் தெருக்காரர்கள். செய்யலாமா?

பதில்: முதலில் உடும்பைப் பார்ப்போம். அது காத்திருக்காது.

பூசிய மஞ்சளைச் சுரண்டி எடுக்க வேண்டாம், மேற்கொண்டு எதையும் பூசவும் வேண்டாம். பற்பசை, பேனா மை, தேங்காய் எண்ணெய், கற்றாழை எல்லாமே காயத்தை மூடி உள்ளே சீழ் பிடிக்க வைக்கும். மருத்துவர் அதைக் கழுவி எடுப்பதற்குள் வெந்த தோலும் சேர்ந்து உரிந்துவிடும். சுட்ட ஒரு மணி நேரத்துக்குள் என்றால் சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் பத்து நிமிடம் மெதுவாக ஊற்றுவதில் பயன் உண்டு. ஐஸ் மட்டும் கூடாது. உங்கள் உடும்புக்கு அந்த நேரம் எப்போதோ தாண்டிவிட்டது.

பக்கெட்டும் வேண்டாம். வழுவழுப்பான சுவரில் ஏறி ஏறி விழுந்து, புண்ணான பாதத்தை இன்னும் கிழித்துக்கொள்ளும். மூடி உள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பில் மேல்பக்கமாக விரலளவு ஓட்டைகள் பத்துப் பதினைந்து போட்டு, அடியில் பழைய பருத்தி வேட்டியை மடித்து விரியுங்கள். நூல் சுருள் உள்ள துவாலைத் துணி, பஞ்சு இரண்டும் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். மூடியைக் கட்டி, நிழலான, சத்தமில்லாத அறையில் வையுங்கள். ஏசி அறை வேண்டாம். வெளிச்சூட்டை வைத்து வாழும் பிராணி அது, குளிர்ந்தால் துவண்டுவிடும். முட்டை, கறி எதுவும் போட வேண்டாம், வாயில் தண்ணீரும் ஊற்ற வேண்டாம். கையால் தூக்க வேண்டிய தேவை வந்தால் தடித்த கோணிப்பையைப் போட்டு மூடித் தூக்குங்கள். கடியும் பலமாக இருக்கும், வாலடியும் பலமாக இருக்கும்.

இன்றைக்கே வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோவதாக இருந்தாலும், கிளம்பும் முன் வனத்துறைக்கு ஒரு போன் செய்துவிட வேண்டும். உடும்பு, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. இந்த அட்டவணை விலங்குகள் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு சிறை. கைக்கு வந்த வன உயிரினத்தைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். காப்பாற்றிக் கொண்டுவந்தவரை யாரும் பிடித்துப் போடப்போவதில்லை. ஆனால் ‘ஆறட்டும், அப்புறம் விடலாம்’ என்று பத்து நாள் வைத்திருந்தால் கதை வேறு. பாதம் ஆற மாதக் கணக்கில் ஆகும், நகம் உதிரும், வெந்த திசு நாலைந்து நாள் கழித்துத்தான் கறுத்துத் தெரியவே தொடங்கும். இது வீட்டு வைத்தியத்தில் அடங்காது.

அந்த உடும்பு தீ எரியும்போது வெந்திருக்க வாய்ப்பு குறைவு. தீ வருகிறது என்றால் உடும்பு வளைக்குள் போய்விடும். மண் சூட்டைச் சுலபத்தில் கடத்தாது. மேலே புல் கொழுந்துவிட்டு எரிந்தாலும் ஒரு சாண் ஆழத்தில் சூடு அவ்வளவாக ஏறாது. ஆகவே வளையில் இருக்கும் எலி, பாம்பு, உடும்பு, கீரி பெரும்பாலும் தீயைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகுதான் சிக்கல். வெளியே வந்தால் சாம்பலுக்கடியில் கனல், அதில் நடந்து பாதம் வேகிறது. ஒளிய ஒரு செடி இல்லை. பூச்சி, தவளை, முட்டை, விதை எல்லாம் எரிந்துபோய் இரையும் இல்லை. மேலே கரும்பருந்து சுற்றுகிறது, தரையில் தெருநாய். தீயன்று சாவதைவிட அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் பசியிலும் வேட்டையிலும் சாவது அதிகமாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் காடேறிப்போன பூனைகளுக்கு ஜிபிஎஸ் பட்டை கட்டிப் பார்த்தபோது, எரிந்த இடத்தைத் தேடி அவை பல கிலோமீட்டர் நடந்து போனது தெரிந்தது. அதே நாட்டில் 2019-20 தீயில் இறந்தும் இடம்பெயர்ந்தும் பாதிக்கப்பட்ட விலங்குகள் ஏறத்தாழ 300 கோடி என்று கணக்கிட்டார்கள். அதில் 246 கோடி ஊர்வன. கோலாவின் படம்தான் உலகம் பூராவும் போனது, பல்லிக்கும் பாம்புக்கும் யார் படம் எடுப்பார்கள்?

எனவே மீதிப் புதரை வழிக்கும் யோசனையை இப்போதைக்குக் கைவிடுங்கள். எரியாமல் தப்பிய அந்தத் துண்டில்தான் பிழைத்தவை எல்லாம் இப்போது ஒதுங்கியிருக்கின்றன. அதையும் அழித்தால் அவை போக மிஞ்சும் இடம் உங்கள் மாடிப்படி அடியும் மோட்டார் அறையும்தான். பாம்பு குறைய வேண்டும் என்பதற்காகவே அந்தப் புதர் நிற்க வேண்டும். குப்பையோடு சேர்த்துக் கொளுத்துவதோ சட்டப்படியும் ஆகாது: திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது.

தெருவுக்குள் வரும் பாம்புகளில் சாரை அதிகம் இருக்கும். பகலில் திரிவது, விஷமில்லாதது, எலிக்காக வருவது. புதர் எரிந்ததும் எலிகள் வீட்டுப் பக்கம் வந்துவிட்டன, பாம்பு அவற்றின் பின்னால் வருகிறது. ஆனால் சாரையையும் நல்லபாம்பையும் அவசரத்தில் மாற்றிச் சொல்பவர்களே அதிகம். எதுவானாலும் கிட்டே போக வேண்டாம். ஒருவர் தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ போன் செய்ய வேண்டும். 101 அல்லது 112 போதும். எலி மருந்து வைக்காதீர்கள். மருந்து தின்ற எலியைத் தின்று ஆந்தையும் பாம்பும் சாகலாம், எலியைப் பிடிக்க ஆள் இல்லாமல் போகும். பொறி வையுங்கள். கதவுக்கும் தரைக்கும் இடையே சுண்டுவிரல் நுழைகிறது என்றால் குட்டிப் பாம்பும் நுழையும். ரப்பர் பட்டை அடித்து அடையுங்கள். குளியலறை, சமையலறைக் கழிவுநீர்க் குழாய் வெளியே திறக்கும் வாய்க்குக் கொசுவலைக் கம்பி கட்டுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்டவரை நடக்கவிடாமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கீரி, மரநாய், நரி கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசி. காயம்பட்டுக் கிடக்கிறதே என்று பாவப்பட்டுத் தூக்கப் போனால் கடிபட வாய்ப்பு அதிகம்.

இனி எரிந்த இடம். தீயணைப்பு வண்டி போய்விட்டது என்பதற்காக உள்ளே இறங்கிவிடக் கூடாது. சம்பு வருடா வருடம் காய்ந்து சாய்ந்து, வேரும் மட்கும் பின்னி மெத்தைபோல் ஆகியிருக்கும். ஏரி வற்றிய பிறகு தீ அந்த மெத்தைக்குள் இறங்கி, கொழுந்து இல்லாமல் நாள் கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேலே சாம்பல் ஆறிப்போய்த் தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். விடியற்காலையில் பாருங்கள், காற்றில்லாத அந்த நேரத்தில் எங்கே நூல்போல் புகை எழுகிறதோ அங்கே இன்னும் தீ இருக்கிறது. மேலே நாலு குடம் தண்ணீர் ஊற்றி அதை அணைக்க முடியாது. சுற்றிலும் ஈரமண் தெரிகிற வரை பள்ளம் தோண்டித் துண்டித்து, உள்ளே தண்ணீரைத் தேக்கினால்தான் அடங்கும். 101-ல் சொல்லும்போது ‘புகை வருகிறது’ என்று மட்டும் சொல்லாமல், அடியில் கனல்கிறது, தண்ணீர் லாரி வேண்டும் என்று சொல்லுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை ஓரத்தில்தான். மண் தட்டை, அகலமான பேசின் எதுவானாலும் நாலு விரல் ஆழத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம். நடுவில் ஒரு கல் வையுங்கள், விழுந்த பல்லியும் தேனீயும் ஏறி வர. எரிந்த பகுதிக்கும் எரியாத புதருக்கும் இடைப்பட்ட எல்லையில், நிழலில், வீடுகளிலிருந்து குறைந்தது முப்பதடி தள்ளி மூன்று நான்கு இடத்தில் வைக்கலாம். தினமும் கொட்டி மாற்ற வேண்டும், இல்லையென்றால் கொசு வளர்ப்பதாகிவிடும். சோறு, பிஸ்கட், பால் எதுவும் வேண்டாம். அதற்கு வருவது காகமும் நாயும்தான். பாதி எரிந்த கட்டைகளையும் வெட்டிப் போட்ட கிளைகளையும் அள்ளி வீசிவிடாமல், இடுப்பளவு உயரத்தில் குவியல் குவியலாக இருபது தப்படிக்கு ஒன்றாகப் போட்டு வையுங்கள். திறந்த சாம்பல்வெளியைத் தாண்டும் கீரிக்கும் கௌதாரிக்கும் அது ஒரு மறைப்பு. வளர்ப்பு நாய் பூனைகளை இரவில் கட்டிப்போடுங்கள். புதுப்புல் தலைகாட்டித் தரை மூடும் வரை இதைச் செய்தால் போதும்.

இறகு கருகிய பறவை கிடைத்தால் ஓட்டையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி வனத்துறையிடம் கொடுங்கள். மேலுக்கு நன்றாக இருக்கிறதே என்று பறக்கவிடக் கூடாது. கருகிய சிறகிறகு உதிர்ந்து புதிதாக முளைக்க மாதங்கள் ஆகும், அதுவரை அதனால் ஒழுங்காகப் பறக்க முடியாது. புகையும் பறவையை அதிகம் வாட்டும். காயமே இல்லாமல் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது காரணமாக இருக்கலாம். வெடித்த ஏரி மண்ணுக்குள் பால் ஆமை புதைந்து கோடையைக் கழிப்பது வழக்கம். அசையாமல் கிடக்கிறதே என்று தோண்டி எடுத்துத் தண்ணீரில் போடாதீர்கள்.

மழைக்கு முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. சம்புச் சாம்பல் மட்டும் என்றாலே முதல் மழையில் தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றி, பிறகு பாசியைக் கிளப்பி, ஆக்சிஜனைக் குறைத்து மீனைக் கொல்லும். உங்கள் பக்கம் ஏரிக்கரையில் பிளாஸ்டிக்கும், செம்புக்காக எரித்த ஒயர்த் தோலும் கலந்துதான் இருக்கும். அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடம் கொசஸ்தலை ஆறும் எண்ணூர் முகத்துவாரமும்; அங்கே இறால் பிடித்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். குப்பை எரிந்த திட்டுகளை மட்டும் லேசாகத் தண்ணீர் தெளித்து, முகக்கவசமும் கையுறையும் போட்டு, சாக்கில் அள்ளி மாநகராட்சியிடம் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் எண் வாங்கிக்கொண்டு மணலி மண்டல அலுவலகத்தில் எழுத்திலும் கொடுத்தால் வேலை நடக்கும். வெறும் புல் எரிந்த சாம்பலைத் தொட வேண்டாம், மண்ணோடு கலக்கட்டும்.

அடுத்த வருடத்துக்கு: எரித்தால் சம்பு ஒழியும் என்பது தவறு. கிழங்கு சேற்றுக்குள் பத்திரமாக இருக்கிறது, சில வாரத்தில் முன்னைவிடப் பச்சையாக நிற்கும். வேலிக்காத்தானும் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். முதுமலையில் உண்ணிச்செடி செய்வதும் இதேதான், எரிகிறது, மறுபடி அதுவே முதலில் மண்டுகிறது. சம்பு குறைய வேண்டுமென்றால் மார்கழி, தையில் தண்ணீர் நிற்கும்போதே நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே அறுக்க வேண்டும். கிழங்கு மூச்சுவிடுவது அந்தத் தண்டின் வழியாகத்தான், தண்டின் வாய் சில வாரம் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருந்தால் கிழங்கு அழுகிவிடும். ஏரி யார் பொறுப்பில் இருக்கிறதோ, நீர்வளத்துறையோ மாநகராட்சியோ, அவர்கள் அனுமதியோடு செய்யுங்கள்.

மதில் ஓரமாகத் தீ தாண்டாத பட்டை ஒன்று மாசி பிறப்பதற்குள் வேண்டும். முழங்கால் புல்லுக்குப் பன்னிரண்டு அடி, ஆளுயரச் சம்புக்கு முப்பது அடியாவது. சம்புக் கதிரின் பஞ்சு தீப்பொறியாகப் பறக்கும், அதற்காகத்தான் இவ்வளவு அகலம். அறுத்ததை அங்கேயே போட்டுவைத்தால் அறுத்தும் பயனில்லை. சுற்றி வளைத்து நடுவை நோக்கி வெட்டிக்கொண்டு போவது ஜேசிபிக்காரர் வழக்கம். உள்ளே இருப்பவை நடுவில் மாட்டி நசுங்கும். வீட்டுப் பக்கத்தில் தொடங்கி ஏரிப் பக்கமாக, மெதுவாக, கை அரிவாளால் வெட்டச் சொல்லுங்கள், அவை தெருவுக்கு வராமல் தண்ணீர்ப் பக்கம் நகரும். ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் வெட்டாமல் மூன்றில் ஒரு பங்காக மாற்றி மாற்றி வெட்டலாம்.

யாராவது ‘காலையில் காற்று ஏரிப் பக்கம்தான் அடிக்கிறது, பத்திரமாகக் கொளுத்தலாம்’ என்றால் நம்பாதீர்கள். பங்குனி, சித்திரையில் நண்பகல் வாக்கில் கடற்காற்று உள்ளே வரும், தீ திரும்பிவிடும்.

எரிந்த வெட்டவெளியில் இப்போதே ஆள்காட்டிக் குருவி முட்டையிடத் தொடங்கியிருக்கும், அதற்கு வெறுந்தரைதான் வேண்டும். தலைக்கு மேல் கத்திக்கொண்டு உங்களையே சுற்றினால் காலடியில் பார்த்து நில்லுங்கள். கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக மூன்று நான்கு முட்டை, மண்நிறத்தில் கறுப்புத் திட்டோடு கிடக்கும். ஆறடி தள்ளி ஒரு குச்சி நட்டுவைத்தால் நடப்பவர்களுக்கு அடையாளம். அந்தக் குச்சியில் சிவப்புத் துணி கட்ட வேண்டாம், காகம் வந்து என்னவென்று பார்க்கும்.