ஃபிளாக்கை எம்பி3 ஆக்கிவிடாதீர்கள்! இசை ஃபைல்கள் பற்றிய கேள்வி-பதில்

கே: அப்பா சேர்த்து வைத்திருந்த கச்சேரி சிடிகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஃபிளாக் ஃபைலாக ஏற்றிவிட்டேன். விஎல்சி பிளேயரில் நன்றாகப் பாடுகிறது. ஐடியூன்ஸில் இழுத்துப் போட்டால் மட்டும் ஒன்றுமே நடப்பதில்லை. எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கிவிட்டு ஃபிளாக்கை அழித்துவிடு, இடமாவது மிச்சமாகும் என்கிறான் தம்பி. செய்யலாமா?
(வாசகி, கும்பகோணம்)

ப: வேண்டாம். இந்தப் பதிலைப் படித்து முடிக்கிற வரைக்குமாவது எதையும் அழிக்காதீர்கள்.

உங்கள் ஃபைலில் கோளாறு எதுவும் இல்லை. ஆப்பிளின் ஐடியூன்ஸ் ஃபிளாக்கை ஏற்றுக்கொண்டதே கிடையாது. ஃபிளாக் என்பது ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கி வைக்கும் ஃபைல் வடிவம். ஃபிளாக்கின் முதல் முழுப் பதிப்பு 2001-இல் வந்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆப்பிள் அதை எடுத்துக்கொள்ளாமல் 2004-இல் ஏஎல்ஏசி என்று தனக்கென ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தது. 2011-இல் அதன் நிரலையும் எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஆக, இது இரண்டு வீட்டுக்காரர்களின் வழக்கு. தரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

சிடியில் ஒலியின் அளவு நொடிக்கு 44,100 முறை எண்ணாகப் பதிவாகியிருக்கிறது, இடது வலது இரண்டுக்கும் தனித்தனியாக. அப்படியே எடுத்து வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும். ஃபிளாக் முந்தைய எண்களைப் பார்த்து அடுத்த எண் என்னவாக இருக்கும் என்று கணிக்கிறது. கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கிறது. திரும்பப் பாடும்போது இரண்டையும் கூட்டினால் பழைய எண் இம்மி பிசகாமல் வந்துவிடும். ஏஎல்ஏசி செய்வதும் இதே வேலைதான். தனி வீணை என்றால் ஃபைல் நன்றாகச் சுருங்கும், நாதஸ்வரமும் தவிலும் உச்சத்தில் போகும் இடங்களில் அவ்வளவு சுருங்காது. மொத்தத்தில் சிடி அளவில் ஏறக்குறைய பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை ஆகும்.

எம்பி3 வேறு ரகம். காதுக்குத் தெரியாது என்று அது நினைப்பதை எடுத்து வீசிவிடும். வீசியது வீசியதுதான். நாளைக்கு அதையே ஃபிளாக் ஆக்கினாலும் போனது திரும்பி வராது, ஃபைல் மட்டும்தான் பெருக்கும்.

அதனால் ஃபிளாக்கை மூலமாக வைத்துக்கொண்டு ஐடியூன்ஸுக்காக ஏஎல்ஏசி பிரதி எடுங்கள். விண்டோஸ் என்றால் ஃபூபார்2000 என்ற பிளேயர், அதற்கென்று தரப்படும் இலவச என்கோடர் (வடிவம் மாற்றும் நிரல்) தொகுப்புடன். மேக் என்றால் எக்ஸ்எல்டி என்ற மாற்றி. பாடகர் பெயர், ராகம் என்று நீங்கள் தட்டச்சு செய்தவையும் கூடவே வந்துவிடும். மாற்றியதில் ஏதாவது குறைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் ஃபூபாரில் பைனரி கம்பேரேட்டர் (foo_bitcompare) என்ற கூறைச் சேர்த்து, இரண்டு ஃபைலையும் தேர்ந்தெடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். வித்தியாசம் எதுவும் இல்லை என்று வரும்.

ஐஃபோனில் கேட்டால் போதும், ஐடியூன்ஸ் லைப்ரரியெல்லாம் தேவையில்லை என்றால் மாற்றவே வேண்டாம். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11-இலிருந்து ஐஃபோனின் ஃபைல்ஸ் செயலி ஃபிளாக்கைப் பாடுகிறது. ஐஃபோனுக்கான விஎல்சியும் பாடும்.

கச்சேரி சிடி என்று சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ராகம் தானம் பல்லவியைப் பல சிடிகளில் மூன்று டிராக்காக வெட்டியிருப்பார்கள். தம்புரா நடுவில் நிற்காது, டிராக் எண் மட்டும் மாறும். எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் (மேலே சொன்ன ஒலி எண்கள்) கொண்ட துண்டுகளாகத்தான் எழுதும். தொடக்கத்திலும் முடிவிலும் வெற்று மௌனம் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அதைக் கழித்துவிட்டுப் பாடத் தெரியாத பிளேயரில் ராகம் முடிந்து தானம் தொடங்கும் இடத்தில் சுருதி ஒரு கணம் அறுபடும். கேசட், சிடிகளை டிஜிட்டலுக்கு மாற்றித் தருவதுதான் என் தொழில். வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் எம்பி3 பிரதிகளில் என்னை அதிகம் வருத்துவது இந்த அறுபடல்தான். ஃபிளாக்கிலும் ஏஎல்ஏசியிலும் ஒலியின் நீளம் அப்படியே இருக்கும், இடைவெளி விடாமல் பாடும் பிளேயர் இருந்தால் போதும். ஃபூபார் அந்த வேலையை அருமையாகச் செய்யும்.

கே: ஃபிளாக் ஆக்கும்போது 0 முதல் 8 வரை அளவு கேட்கிறதே, 8 வைத்தால் ஒலி இன்னும் நன்றாக இருக்குமா?
(வாசகர், ஈரோடு)

ப: ஒலி ஒன்றேதான். 8 வைத்தால் ஃபைல் கொஞ்சம் சிறியதாகும், மாற்ற நேரம் கூடும், அவ்வளவுதான். தானாக வருகிற 5-ஐயே விட்டுவிடுங்கள்.

கே: நண்பர் ஒருவர் பழைய படப் பாடல்கள் நிறைய ஃபிளாக்கில் தந்தார். எம்பி3-யை மாற்றி ஏமாற்றியிருப்பார்கள் என்கிறார் இன்னொருவர். கண்டுபிடிக்க முடியுமா?
(வாசகர், திருநெல்வேலி)

ப: ஓரளவு முடியும். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் பாடலைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். கிடைமட்டமாக நேரம், செங்குத்தாக அதிர்வெண். சிடியிலிருந்து நேராக எடுத்த புதிய பாடல் என்றால் 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியும் நிறம் சிதறலாகத் தெரியும். 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3-யிலிருந்து வந்தது என்றால் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அளவுகோல் வைத்து வெட்டிய மாதிரி ஒரு கோடு, அதற்கு மேலே வெறும் கறுப்பு.

ஆனால் பழைய பாடல் என்கிறீர்களே, அங்கேதான் அவசரப்படக் கூடாது. 1950-களின் இசைத்தட்டில் அந்த உயரத்தில் இசை பெரும்பாலும் பதிவாகியே இருக்காது. அங்கே நிறம் மெல்ல மங்கிப்போனால் அது பதிவின் வயது. கத்தி வைத்தது போன்ற நேர்கோடு இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். சிடி வெளியிட்ட நிறுவனமே இரைச்சலைக் குறைக்க மேல்பகுதியை வெட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆகவே படத்தை மட்டும் வைத்து நண்பரைக் குற்றம் சொல்லாதீர்கள். அந்தப் பாடல் கடையில் அசல் சிடியாகக் கிடைத்தால் வாங்கி நீங்களே ஏற்றிக்கொள்ளுங்கள். நிச்சயம் வேண்டுமென்றால் அதுதான் வழி.

கே: ஏபிஈ என்று முடியும் ஒரே பெரிய ஃபைலும், கியூ என்று ஒரு சின்ன ஃபைலும் வந்தன. திறந்தால் ஒரு மணி நேரம் ஒரே பாட்டாக ஓடுகிறது. கியூவைத் திறந்தால் ஃபைல் இல்லை என்கிறது.
(வாசகர், சேலம்)

ப: சிடி முழுவதையும் ஒரே ஃபைலாக எடுத்திருக்கிறார்கள். எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற குறிப்புதான் கியூ. அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். மேலே மேற்கோள் குறிக்குள் ஒரு ஃபைல் பெயர் இருக்கும், பெரும்பாலும் வேவ் என்று முடியும். உங்களிடம் இருப்பதோ ஏபிஈ. அந்தப் பெயரை உங்கள் ஃபைல் பெயராகவே திருத்திச் சேமியுங்கள். கீழே ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று எண்கள் இருக்கும்: நிமிடம், நொடி, அப்புறம் நொடியில் 75-இல் ஒரு பங்கு. அவற்றைத் தொடாதீர்கள்.

திருத்திய கியூவை ஃபூபாரில் திறந்தால் பாட்டுகள் தனித்தனியாக வரும். ஏபிஈ திறக்கவில்லை என்றால் அதைப் படிக்கும் கூறைத் தனியாகச் சேர்க்க வேண்டும். கையோடு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துத் தனித்தனி ஃபிளாக்காக மாற்றிவிடுங்கள். ஏபிஈயும் எதையும் இழக்காத வடிவம்தான், ஃபிளாக்கைவிடச் சற்று அதிகமாகவே சுருக்கும். ஆனால் பிரித்துப் பாடுவதற்குப் பிராசசர் நிறைய உழைக்க வேண்டும், அதை ஏற்கிற ஃபோனும் கார் ஸ்டீரியோவும் குறைவு. ஃபிளாக் பிரிப்பதற்கு மிக லேசானது, ஆண்ட்ராய்டு 3.1-இலிருந்தும் விண்டோஸ் 10-இலிருந்தும் கூடவே வருகிறது.

கே: காரில் பென் டிரைவ் போட்டால் ஃபிளாக் பாடுகிறது, தமிழ்ப் பெயர்கள் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. வடிவத்தின் குறையா?
(வாசகர், மதுரை)

ப: இல்லை. ஃபிளாக் தன் குறிப்புகளை எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடில்தான் வைக்கிறது, தமிழ் எழுத்து அதில் பத்திரமாக இருக்கிறது. காட்டுவதற்குத் தமிழ் எழுத்துரு காரில் இல்லை. கட்டத்துக்குப் பதில் விசித்திரமான ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் அது வேறு விஷயம்: யூனிகோடு பரவும் முன் டிஸ்கி போன்ற பழைய தமிழ்க் குறியாக்கங்களில் எழுதிய பெயர்கள். அவற்றை ஒரு முறை யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டியதுதான்.

காருக்காக மூல ஃபைலின் தமிழ்ப் பெயரை அழித்து ஆங்கில எழுத்தில் மாற்றாதீர்கள். பென் டிரைவுக்கென்று தனிப் பிரதி எடுத்து அதில் மாற்றுங்கள். அந்தப் பிரதி எம்பி3-யாகவே இருக்கட்டும். ஓடுகிற காரின் இரைச்சலில் 320 கேபிபிஎஸ் எம்பி3 தாராளமாகப் போதும்.

கே: ப்ளூடூத் ஹெட்ஃபோனில் ஃபிளாக் கேட்டால் முழுத் தரமும் வருமா?
(வாசகி, கோவை)

ப: பெரும்பாலும் வராது. ஃபோன் ஃபிளாக்கைப் பிரித்து, எஸ்பிசி, ஏஏசி போன்ற ப்ளூடூத் சுருக்க முறைகளில் மறுபடி சுருக்கித்தான் காற்றில் அனுப்புகிறது. அதிக அளவு அனுப்பும் எல்டேக் என்ற முறை கூட 990 கேபிபிஎஸ்தான், சிடிக்கு 1,411 வேண்டும். உட்கார்ந்து கேட்கும் நேரத்துக்கு ஒயர் ஹெட்ஃபோன் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புது ஃபோனில் அதற்கான துளை இல்லையென்றால் டைப்-சி அடாப்டர் போதும்.