குரோமை விட்டுப் பயர்பொக்ஸுக்கு மாறினால் சேமித்ததெல்லாம் போய்விடுமா?

கோண்டாவிலில் இருந்து ஒரு ரியூசன் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "அண்ணா, என்னுடையது விண்டோஸ் 7 போட்ட பழைய லப்டொப், 4 ஜிபி ரேம். குரோமுக்கு இனி அப்டேட் வராது என்று மேலே காட்டிக்கொண்டே இருக்கிறது, சில தளங்கள் சரியாகத் திறப்பதில்லை. எட்ஜுக்குப் போகவா, பயர்பொக்ஸுக்குப் போகவா? சேமித்து வைத்த கடவுச்சொற்கள் போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது."

போகாது, பயப்படாதேங்கோ.

எட்ஜ் உங்களுக்கு உதவாது. 2020 தொடக்கம் அதுவும் குரோமியம் என்ற அதே அடித்தளத்தில்தான் ஓடுகிறது. பிரேவ், ஒபேரா, விவால்டி என்ற உலாவிகள் எல்லாமே அப்படித்தான். 2023 ஜனவரியில் வந்த 109ஆவது பதிப்போடு குரோம் விண்டோஸ் 7ஐக் கைவிட்டது, எட்ஜும் அதே இலக்கத்தில் நின்றுவிட்டது. பயர்பொக்ஸுக்குப் பக்கங்களைத் திறந்து காட்டும் சொந்த எஞ்சின் இருக்கிறது, அதன் 115 ஈஎஸ்ஆர் என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பு விண்டோஸ் 7இல் ஓடும், குரோம் நின்ற பிறகும் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்தன. ஆகவே அதையே போடுங்கள், பயர்பொக்ஸைச் செய்யும் மொசில்லாவின் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள்.

போட்டதும் குரோமை முழுதாக மூடிவிட்டு, பயர்பொக்ஸ் செட்டிங்ஸில் 'இம்போர்ட் டேட்டா'வை அழுத்திக் குரோமைத் தெரிவு செய்தால் புக்மார்க், கடவுச்சொல் எல்லாம் வந்துவிடும். கடவுச்சொற்கள் மட்டும் வராவிட்டால் குரோமில் இருந்து அவற்றை சிஎஸ்வி பைலாக எடுத்து உள்ளே ஏற்றலாம், ஆனால் இந்த இடத்தில் மிகவும் கவனம் வேண்டும். அந்தப் பைலை நோட்பேடில் திறந்து பாருங்கள்: தளத்தின் முகவரி, உங்கள் பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றும் ஒரே வரியில், எந்தப் பூட்டும் இல்லாமல் அப்படியே கிடக்கும். யாழ்ப்பாணம் பஸ் நிலையப் பக்கம் ஒரு கடைக் கணினியில் பிரின்ட் எடுக்கப் போனபோது டவுன்லோட்ஸ் போல்டரில் யாரோ ஒருவரின் இந்தப் பைல் கிடந்ததைக் கண்டேன், மனம் பதறிவிட்டது. கடைக்காரரிடம் சொல்லி அழிப்பித்துவிட்டுத்தான் வந்தேன். அதனால் இந்த வேலையை வீட்டிலேயே செய்யுங்கள், ஏற்றி முடிந்த கையோடு ஷிப்டைப் பிடித்துக்கொண்டு டிலீட் அழுத்துங்கள், அப்போதுதான் ரீசைக்கிள் பின்னிலும் தங்காது.

குரோமை உடனே அகற்ற வேண்டாம். இரண்டு கிழமை இரண்டும் இருக்கட்டும், ஏதாவது விடுபட்டிருந்தால் போய் எடுக்கலாம். போனிலும் அதே புக்மார்க் வேண்டுமென்றால் அங்கேயும் பயர்பொக்ஸ் போட்டு ஒரே கணக்கில் நுழைய வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியே ஆகவேண்டும். விண்டோஸ் 7க்கு மைக்ரோசொப்ட் 2020 ஜனவரி 14உடன் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது, உலாவியை மாற்றினாலும் அந்த ஓட்டை அடைபடாது. விண்டோஸ் 10க்கும் 2025 ஒக்டோபரில் வழமையான ஆதரவு முடிந்துவிட்டதால் அதற்கு ஏறச் சொல்லமாட்டேன். 4 ஜிபிக்கு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் இலகுவான எக்ஸ்எப்சிஈ பதிப்பு தாராளமாகப் போதும், பயர்பொக்ஸும் அதனோடேயே வரும். அதைப் போடும்வரை வங்கி வேலையை மட்டும் போனில் பாருங்கள்.