வெளியே வந்த பிறகும் விடாத பயம்: கேள்வி பதில்

ஒரு ஜெபக்குழுவில் 11 ஆண்டுகள் இருந்துவிட்டு 2009-ல் வெளியே வந்தவள் நான். பிறகு உளவியல் படித்து, இப்போது ஆலோசகராக இருக்கிறேன். சபை, ஆசிரமம், ஜெபவீடு என்று எதை விட்டு வந்தவர்களும் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: ‘வந்துட்டோம், ஆனா ஏதோ கெட்டது நடக்கப்போகுதுன்னு பயமாவே இருக்கு.’ கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு, கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

அக்கா, சபையை விட்டு நான்கு மாதம் ஆகிறது. முதல் மாதமே அப்பாவுக்கு நெஞ்சு வலி. போன வாரம் எனக்கு வேலை போய்விட்டது. ‘வெளியே போனால் நாசமாவாய்’ என்று பாஸ்டர் சொன்னது பலித்துவிட்டதோ?

நான் வெளியே வந்த மூன்றாவது வாரம், தெருமுனை மணலில் ஸ்கூட்டி வழுக்கி விழுந்தேன். முழங்காலில் ஆறு தையல். ரத்தம் வழியும்போதே மனசில் வந்த முதல் வார்த்தை, ‘சொன்னாங்களே!’

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒரு பழைய நோட்டை எடுத்து, குழுவில் இருந்த 11 ஆண்டில் எங்கள் வீட்டில் நடந்த கெட்டதையெல்லாம் எழுத ஆரம்பித்தேன். தம்பிக்கு மஞ்சள் காமாலை. அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். சீட்டுக் கட்டி ஏமாந்தது. இரண்டு பக்கம் நிரம்பிவிட்டது. அப்போதெல்லாம் அதற்குப் பெயர் ‘சோதனை’. வெளியே வந்துவிட்டால் அதே காமாலைக்கும் அதே கடனுக்கும் ‘தண்டனை’ என்று பெயர் மாறிவிடுகிறது. நல்லது நடந்தாலும் அப்படித்தான். உள்ளே இருப்பவருக்கு அது ஆசீர்வாதம், வெளியே போனவருக்குச் சாத்தான் காட்டும் ஆசை. என்ன நடந்தாலும் அவர்கள் சொன்னதுதான் சரி என்று முடிகிற கணக்கு இது. நீங்களும் இந்த இரண்டு பக்கத்தையும் எழுதிப் பாருங்கள்.

அமெரிக்காவில் ஸ்டீவன் ஹாசன் என்பவர் ஒருங்கிணைப்புத் திருச்சபை (Unification Church) என்ற மதக்குழுவில் இருந்தார். 1976-ல் குழுவுக்காக நிதி திரட்டி, சரியான தூக்கமில்லாமல் வேன் ஓட்டி, லாரியின் பின்னால் மோதினார். அந்த விபத்து அவர் உள்ளே இருக்கும்போது நடந்தது. அதுதான் அவர் குடும்பத்தோடு சேரவும், வெளியே வரவும் வழி திறந்தது. விலகினால் பேரழிவு என்று உறுப்பினர் மனதில் பயத்தை விதைப்பது இப்படிப்பட்ட குழுக்களின் முக்கியமான கருவி என்று பிறகு அவரே விளக்கி எழுதினார்.

அப்பாவை இதய மருத்துவரிடம் தொடர்ந்து காட்டுங்கள். உங்களோடு இன்னும் யார் யாருக்கு வேலை போனது என்றும் விசாரியுங்கள். அவர்கள் எல்லோருமா சபையை விட்டு வந்தவர்கள்?

ஆசிரமத்தை விட்டு இரண்டு வருடம். குரு சாபம் ஏழு தலைமுறைக்குத் தொடரும் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் அவர் மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு இன்னும் கையில் இருக்கிறது. இரண்டு முறை கத்தரிக்கோலை எடுத்துவிட்டுக் கீழே வைத்துவிட்டேன். படித்தவன், வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட ஒன்றுமில்லை, தம்பி. படிப்பு ஒரு பக்கம், உடம்பு பழகியது இன்னொரு பக்கம்.

1948-ல் ஸ்கின்னர் என்ற உளவியலாளர் பசித்த எட்டுப் புறாக்களை வைத்து ஒரு சோதனை செய்தார். புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறிப்பிட்ட இடைவெளியில் தீனி வரும். அவற்றில் ஆறு புறாக்கள், தீனி வந்த நேரத்தில் தற்செயலாக என்ன செய்துகொண்டிருந்தனவோ அதையே திரும்பத் திரும்பச் செய்தன. ஒன்று கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. உங்கள் கயிறும் அப்படித்தான். அது கையில் இருந்த ஒவ்வொரு நாளும் ஒன்றும் ஆகாததால், கயிறுதான் காப்பாற்றியது என்று உடம்பு கற்றுக்கொண்டது. அது இல்லாமலும் ஒன்றும் ஆகாது என்று கற்றுக்கொள்ள அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

அந்த வாய்ப்பைக் கொடுங்கள். பயம் போகட்டும், பிறகு கழற்றலாம் என்று காத்திருந்தால் இன்னும் இரண்டு வருடம் ஓடிவிடும். கழற்றினால்தான் பயம் போகும். முதலில் முடிச்சை மட்டும் தளர்த்துங்கள். மறுநாள் குளிக்கும்போது கழற்றி சோப்பு டப்பாவின் பக்கத்தில் வையுங்கள். பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று எழுதுங்கள். எட்டு இருக்கும், நெஞ்சு படபடக்கும். திரும்பக் கட்டாமல் பொறுத்திருங்கள். ஒரு மணி நேரம் போல ஆனதும் தானாக ஆறாக, ஐந்தாக இறங்குவதைப் பார்ப்பீர்கள். அப்புறம் அரை நாள், அப்புறம் ஓர் இரவு.

ஒரே ஒரு எச்சரிக்கை. கழற்றிவிட்டு, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வேறு இடத்தில் போய்ப் பரிகாரம் செய்யாதீர்கள், எலுமிச்சம்பழம் வாங்கி வைக்காதீர்கள். சாமி கும்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. கும்பிடுவது வேறு, கயிற்றுக்குப் பதிலாக இன்னொரு காப்பைத் தேடுவது வேறு. காப்பைத் தேடினால் பயம் இடம்தான் மாறும்.

என் மகனுக்கு இரண்டு வயது. காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது. ‘அடுத்து உன் பிள்ளைதான்’ என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். திரும்பிப் போய்விடலாமா என்று இருக்கிறது.

பயந்துபோயிருப்பீர்கள் அம்மா, எந்தத் தாயும் பயப்படுவாள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, நூறு குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வருகிறது. உள்ளே இருப்பவர்களின் பிள்ளைகளுக்கும் வரும். பெரும்பாலும் பாதிப்பு எதுவும் இல்லாமல் சரியாகிவிடும். இது முதல் முறை என்பதால் குழந்தை மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். மறுபடி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்பு கொடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே 108-ஐ அழையுங்கள். பிள்ளைக்கு வேண்டியது மருத்துவர். அதற்காக நீங்கள் குழுவுக்குத் திரும்ப வேண்டியதில்லை.

குழுவைத்தான் விட்டேன், இயேசுவை விடவில்லை. அதனாலேயே பயம் கூடுகிறது.

யோவான் 9-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். பிறவிக் குருடனைப் பார்த்து, இது இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. யோபுவிடம் ‘நீ பாவம் செய்ததால்தான் இந்தக் கஷ்டம்’ என்று வாதாடிய நண்பர்கள்மேல்தான் கடைசியில் கடவுளுக்குக் கோபம் வருகிறது. உங்கள் குழுவில் இந்தப் பகுதிகளை எத்தனை முறை பிரசங்கித்தார்கள்?

தசமபாகம் நிறுத்தியதிலிருந்து கையில் காசு தங்கவில்லை. சம்பளம் 32,000.

தசமபாகம் என்றால் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு, அப்படியானால் மாதம் 3,200 மிச்சமாகியிருக்க வேண்டும். மூன்று மாதம் ஒரு ரூபாய் விடாமல் செலவை எழுதுங்கள், எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். பள்ளிக் கட்டணம், வட்டி, வைத்தியம் என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

தினமும் போன் செய்து, திரும்பி வந்து மன்னிப்புக் கேட்காவிட்டால் தெய்வம் சும்மா விடாது என்கிறார்கள். ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்திலேயே 508 என்று ஒரு பிரிவு இருந்தது. சொன்னபடி செய்யாவிட்டால் தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று நம்பவைத்து, செய்ய வேண்டிய கடமை இல்லாத ஒன்றைச் செய்யவைப்பதும், அதற்கு முயல்வதும் குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 354-ஆம் பிரிவு. ஜப்பானில்கூட இப்படிப் பயமுறுத்திக் காணிக்கை வாங்குவதைத் தடுக்க 2022 டிசம்பரில் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள்.

அழைப்புகளைப் பதிவு செய்து வையுங்கள். ‘இனி அழைக்க வேண்டாம்’ என்று ஒருமுறை எழுத்தில் அனுப்புங்கள். நிற்காவிட்டால் வக்கீலைப் பாருங்கள். பலருக்கு அந்த ஒரு வரியை அனுப்பியதுமே தூக்கம் வந்திருக்கிறது.

ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. சில நேரம் செத்துப்போய்விடலாம் என்றுகூடத் தோன்றுகிறது.

இதைத் தனியாகத் தாங்காதீர்கள். இன்றைக்கே 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலிமானஸ் உதவி எண் அது, இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், அங்கேயும் போங்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம், நீங்கள் எனக்கு எழுதிய கடைசி வரியை அப்படியே சொல்லுங்கள்.

அம்மா இன்னும் உள்ளேதான் இருக்கிறார். ஞாயிறுதோறும் போனில் அழுகிறார், ‘நீ அழிஞ்சு போறதை நான் பார்க்கணுமா?’ என்று.

அம்மாவும் பயந்துதான் போயிருக்கிறார். அவரோடு வாதாடாதீர்கள், என் அம்மாவிடம் வாதாடி நான் மூன்று வருடத்தை இழந்தேன். ‘நான் நல்லா இருக்கேன்மா, சாப்டியா?’ என்று பேச்சை வீட்டுப் பக்கம் திருப்புங்கள். முட்டி வலிக்கு மாத்திரை போட்டாரா என்று கேளுங்கள். நீங்கள் நன்றாக இருப்பதை அவர் வாரா வாரம் காதால் கேட்கட்டும்.

அக்கா, கறுப்புக் கயிறு பற்றிக் கேட்டவன்தான். நேற்று இரவு முழுக்கக் கழற்றி வைத்தேன். காலையில் பால் திரிந்துவிட்டது.

பால் வெளியே எத்தனை மணி நேரம் இருந்தது? இந்த வெயிலில் என் வீட்டிலும் போன வாரம் திரிந்தது. இன்னொரு பாக்கெட் வாங்கிக் காய்ச்சுங்கள் தம்பி. கயிற்றை மறுபடி கட்ட வேண்டாம். பால் திரிந்ததைப் பார்த்தபோது எத்தனை மார்க், இப்போது எத்தனை என்று இரண்டையும் எழுதி அனுப்புங்கள்.