விழுப்புரம் போகாத ஆளும் நம்ம விசாரணையும்

கேள்வி: கடலூர் திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் மாசக்கணக்கா "விழுப்புரம் போகணும், டிக்கெட்டுக்கு 30 ரூபா குறையுது"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு, இன்னும் விழுப்புரம் போய் சேரல. சாயங்காலம் ஆனா அந்த காசு ஒயின்ஷாப்புக்கு. பாண்டி சிக்னல்ல ஒரு அம்மா கைக்குழந்தையோட நிக்குது, அந்த குழந்தை எப்ப பாத்தாலும் தூங்கிட்டே இருக்கு. செத்துப்போன பிச்சைக்காரர் மூட்டையில லட்சக்கணக்குல பணம்னு நியூஸ் வேற. இதுல யாரு நிஜம், யாரு டூப்பு? பேசாம யாருக்கும் போடாம இருக்குறது தானே சரி?
(ஒரு வாசகர், மஞ்சக்குப்பம்)

பதில்: போடாதீங்க சார், யாரு உங்க சட்டையைப் புடிச்சு கேட்டாங்க? ஆனா போடாம இருக்குறதுக்கு இவ்ளோ பெரிய விசாரணை எதுக்குன்னு தான் எனக்குப் புரியல. கடைக்காரரு வாங்க மாட்டேன்னு திருப்பித் தர்ற 10 ரூபா காயினை தான் முக்காவாசி பேரு தட்டுல போடுறோம், அதுக்கு சிபிஐ ரேஞ்சுல என்கொயரி.

அந்த விழுப்புரம் ஆளு பொய் சொல்றாரு, ஒத்துக்கிறேன். அவரே வந்து "பசிக்குதுங்க"ன்னு நேரா கேட்டிருந்தா எத்தனை பேரு நின்னிருப்பீங்க? உழைச்சு சாப்புடுன்னு சொல்லிட்டு போயிருப்போம். டிக்கெட் காசுன்னா நமக்கு ஒரு நிம்மதி, ஆளு பஸ் ஏறிடுவாரு, நாளைக்கு அவரு மூஞ்சில முழிக்க வேணாம். எந்த கதைக்கு நம்ம கை பாக்கெட்டுக்குப் போகுதோ அதை அவரு கத்துக்கிட்டாரு, நிஜத்தை சொன்னா ஒண்ணும் கிடைக்காத இடத்துல நின்னுக்கிட்டு நிஜம் பேசலையேன்னு கோவிச்சா எப்படி?

போன பிரதோஷத்தன்னிக்கு பாடலீஸ்வரர் கோயில் வாசல்ல பாத்தேன். விரல் மடங்கிப்போன ஒரு பெரியவரு, காயினை கையால எடுக்க முடியாததால மணிக்கட்டுல கயிறு போட்டு ஒரு பிளாஸ்டிக் மக்கு கட்டியிருந்தாரு, அதுல டக்கு டக்குனு காசு விழுந்துக்கிட்டே இருந்துச்சு. அவருக்குப் பக்கத்துல எழுவது வயசு மதிக்கிற ஒரு அம்மா, துவைச்ச காட்டன் பொடவை, மடியில ஒரு மஞ்சப்பை, வாயைத் தொறந்து எதுவும் கேக்கல. யாரும் நிக்கல. என் முன்னாடி போன ஒருத்தரு "நல்லாத்தானே இருக்கு, வீட்டு வேலைக்குப் போகலாம்ல"ன்னு அவங்க காதுல விழுற மாதிரியே சொல்லிட்டுப் போனாரு. அவரு வீட்டுல வேலைக்கு வெச்சுக்குவாரா? ஆதார் எங்க, யாருக்குத் தெரிஞ்சவங்கன்னு கேட்டு வாசலோட அனுப்பிடுவாரு. பொடவையை துவைச்சது தான் அந்த அம்மா பண்ணுன தப்பு. பென்ஷன் இருக்கேன்னு சொல்வீங்க. தமிழ்நாட்டுல 2023ல அதை 1200 ரூபா ஆக்குனாங்க, ஒரு நாளைக்கு 40 ரூபா கணக்கு, அதையும் வாங்க ஆதாரு, பாஸ்புக்கு, அட்ரஸ் வேணும், பையன் வீட்டுலேந்து துரத்திவிட்டவங்க எந்த அட்ரஸ எழுதுவாங்க?

நம்ம கடலூர் மாவட்டத்துலயே வடலூர்ல 1867ல வள்ளலார் தருமசாலை ஆரம்பிச்சு அடுப்பை பத்த வெச்சாரு, அது இன்னிக்கும் அணையல. அங்க போய் உக்காந்தா சாப்பாடு, நீ நிஜமாவே ஏழையான்னு கேக்க அங்க கவுன்ட்டர் கிடையாது.

அப்புறம் குடி. குடிக்கலாம், மறுக்கல. சனிக்கிழமை சாயங்காலம் கடலூர் பைக்கெல்லாம் பாண்டி பார்டர்ல சரக்கு கிடைக்குற முள்ளோடை பக்கம் எதுக்குப் போகுதுன்னு ஊருக்கே தெரியும், அவங்க குடிச்சா வீக்எண்டு, பிளாட்பாரத்துல படுக்குறவரு குடிச்சா மட்டும் மோசடியா? (முள்ளோடைன்ன உடனே சிரிக்கிறீங்க பாருங்க!)

மூட்டைப் பணம் விஷயம். 2011 சென்சஸ்ல நாடு முழுக்க பிச்சை எடுக்குறவங்க, நாடோடியா திரியுறவங்கன்னு 4 லட்சம் பேருக்கு மேல எண்ணியிருக்காங்க, அதுல எங்கயோ ஒருத்தரு மூட்டை நியூஸ்ல வருதுன்னா அது அதிசயம்ங்கிறதால தான் வருது. பேங்க் அக்கவுண்ட் இல்லாதவரு சேத்து வெச்சா மூட்டையில தான் வெப்பாரு, வேற எங்க வெப்பாரு.

எல்லாரையும் புடிச்சு உள்ள போட்டா என்னன்னு அடுத்த வாரம் யாராவது எழுதுவீங்க. மெட்ராஸ் மாகாணத்துல 1945லயே பிச்சை தடுப்புச் சட்டம் போட்டாச்சு, எண்பது வருஷத்துல என்ன ஆச்சுன்னு கோயில் வாசலைப் பாத்துக்கோங்க. 2018ல டெல்லி ஹைகோர்ட்டு அந்த ஊர்ல இருந்த இதே மாதிரி சட்டத்துல, பிச்சையை குற்றமாக்குற பிரிவுகளை ரத்தே பண்ணிடுச்சு. 2021ல சுப்ரீம் கோர்ட்டும், வேற வழி இருந்தா யாரு பிச்சை எடுக்க வருவாங்கங்கிற மாதிரி கேட்டுட்டு, ரோட்டுலேந்து இவங்களை அப்புறப்படுத்த உத்தரவு போட மாட்டோம்னு சொல்லிடுச்சு.

சிக்னல் குழந்தை விஷயத்துல மட்டும் நான் உங்க பக்கம். அங்க சந்தேகப்படணும், காசும் குடுக்கக் கூடாது, குழந்தை கையில இருந்தா காசு வரும்னு ஆயிட்டா நாளைக்கும் அது வெயில்ல தான் நிக்கும். குழந்தையை பிச்சைக்குப் பயன்படுத்துனா 2015 சிறார் நீதிச் சட்டத்துல 5 வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் அபராதம். ஆனா அது அவங்க சொந்தக் குழந்தையாவும் இருக்கலாம், பசியில சுருண்டு கிடக்கலாம், மருந்து குடுத்திருக்காங்களா இல்லையான்னு கார் கண்ணாடி வழியா பாத்து நீங்களும் சொல்ல முடியாது நானும் சொல்ல முடியாது. அதுக்குத்தான் 1098னு குழந்தைங்களுக்கான ஹெல்ப்லைன் நம்பர் இருக்கு, ராத்திரி பகல் எப்ப வேணா அடிக்கலாம், காசு கிடையாது, எந்த சிக்னல், எந்தப் பக்கம், எத்தனை மணின்னு சொன்னா போதும். எப்ப பாத்தாலும் தூங்கிட்டே இருக்குன்னு எழுதியிருக்கீங்க, அப்ப பல நாள் பாத்திருக்கீங்க. ஒரு நாளாவது போன் போட்டீங்களா சார்? லெட்டர்ல அதைக் காணோமே.